கன்னம் வீங்கினால் பாமசிக்கு ஓடாதீர்கள்

போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து என் பல் கிளினிக்குக்கு வந்தவரின் சட்டைப் பையில் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் (கிருமிகொல்லி) மாத்திரை அட்டை ஒன்று இருந்தது. பழைய மருந்துத் துண்டைக் காட்டி பாமசியில் வாங்கியது. "ஒவ்வொரு முறையும் இதுதான் டொக்டர், ரெண்டு நாளில வத்திடும்" என்றார். வாயை ஒரு விரலுக்கு மேல் திறக்க முடியாததால் அதையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னார். கடைவாயில் கிடந்த ஒரு சூத்தைப் பல்லின் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. உடனே வைத்தியசாலைக்கு அனுப்பினேன்.

இப்படி வருபவர்கள் குறைவதாயில்லை. அன்டிபயோட்டிக் சீழ் பிடித்த பல்லைக் குணமாக்காது. மருந்து இரத்தத்தோடுதான் போகும். அந்தப் பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் செத்துப்போயிருக்கும். இரத்தமே போகாத இடத்துக்கு மாத்திரை எப்படிப் போகும்? வெளி வீக்கம் கொஞ்சம் அடங்கும், கிருமி வேருக்குள் அப்படியே இருக்கும், அப்புறம் திரும்ப வரும். "வலி நின்றுவிட்டதே" என்பார்கள். நரம்பு செத்தாலும் வலி நிற்கும். முரசில் சின்னப் பரு வந்து உடைந்தாலும் குறையும், ஏனென்றால் சீழுக்கு வழி கிடைத்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தால் வேர் நுனியில் எலும்பு கரைந்த இடம் கறுப்பாகத் தெரியும். வலியே இல்லை என்று சொல்பவர்களிடமும் அது பெரிதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சீழை வெளியே விட வேண்டும். பிறகு, பல் தேறுமென்றால் ரூட் கெனல், அதாவது வேருக்குள் சுத்தம் செய்து அடைப்பது, தேறாதென்றால் பிடுங்குவது. காய்ச்சல் இருந்தால், வீக்கம் பரவினால், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவரென்றால் நாங்களும் அன்டிபயோட்டிக் எழுதுவோம். அது சிகிச்சையோடு சேர்த்துத்தான்.

"வீக்கம் இருக்கும்போது பல்லில் கை வைக்கக் கூடாது" என்று வீட்டில் பெரியவர்கள் மறிப்பார்கள். சீழ் பிடித்த இடத்தில் விறைப்பு ஊசி சரியாக வேலை செய்யாது என்பது உண்மை. அதற்காகத்தான் சற்றுத் தள்ளி, நரம்பு வரும் வழியில் போடுகிறோம். காசுதான் யோசனையென்றால் கொழும்பு 7, வோட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலை, சிகிச்சை இலவசம்.

வரும்வரை பனடோல் போடலாம். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராமில் இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் வேண்டாம். ஈரல் வருத்தம் உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள். அஸ்பிரினை முரசில் வைக்காதீர்கள், வெந்துவிடும். கன்னத்தில் சூடு ஒத்தடம் வேண்டாம். வீக்கத்தை நீங்களே ஊசியால் குத்தவே கூடாது. சீனி வருத்தம் உள்ளவர்களே, தயவுசெய்து ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். உங்களுக்குக் கிருமி வேகமாகப் பரவும், சீனியும் ஏறும். கர்ப்பிணிகளும் பயந்து ஒதுங்க வேண்டாம், மாதத்தைச் சொன்னால் அதற்கேற்றபடி பார்ப்போம்.

எச்சில் விழுங்க முடியவில்லை, நாக்கு மேலே தள்ளுகிறது, குரல் மாறுகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் பல் கிளினிக்கைத் தேடி வராதீர்கள். சாமமானாலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து சுவசெரிய அம்புலன்ஸை எடுங்கள், விடியட்டும் என்று படுக்க வேண்டாம்.