ஒரே ஓர் எழுத்து மாறினால்: குழந்தைகளும் ஹெபடைட்டிஸ் பி வைரஸும்

"மகளுக்குப் பிறப்பிலிருந்தே ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. இப்போது இ-ஆன்டிஜென் நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. குணமாகிவிட்டதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். குணமாகிவிட்டது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பெரும்பாலும் நல்ல செய்திதான். ஆனால் கல்லீரலைத் தாக்கும் இந்த வைரஸ் இதில் ஒரு தந்திரம் வைத்திருக்கிறது.

பெரியவர்களைத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு மேல் இந்த வைரஸை உடலே விரட்டிவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்து, தடுப்பூசியும் போடாமல் விட்டால், சுமார் 90 விழுக்காடு குழந்தைகளிடம் அது நிலைத்துவிடுகிறது. வைரஸ் தயாரிக்கும் இ-ஆன்டிஜென் என்ற புரதத்துக்கு இதில் பங்கு உண்டு. வைரஸ் பெருகுவதற்கு அது தேவையே இல்லை. ரத்தத்தில் மிதந்து எதிர்ப்பாற்றலை அசட்டையாக இருக்கவைப்பதுதான் அதன் வேலை என்று கருதப்படுகிறது. அதனால்தான் கோடிக்கணக்கில் வைரஸ் இருந்தும் பல குழந்தைகளின் கல்லீரல் சோதனைகள் ஆண்டுக்கணக்கில் சரியாகவே இருக்கின்றன.

இது டி.என்.ஏ. வைரஸ். ஆனாலும் ஆர்.என்.ஏ. வழியாகத்தான் நகலெடுக்கிறது. அந்த நகலெடுக்கும் நொதிக்குப் பிழை திருத்தத் தெரியாது. வைரஸின் மரபுக் குறிப்பில் உள்ள சுமார் 3,200 எழுத்துகளில் பிழைகள் விழுந்துகொண்டே இருக்கும். எதிர்ப்பாற்றல் தூங்கும்வரை அந்தப் பிழையால் யாருக்கும் லாபமில்லை. அது விழித்து இ-ஆன்டிஜெனைச் சுமந்த செல்களைத் தாக்கத் தொடங்கியதும், அதைத் தயாரிக்காத வைரஸுக்கு யோகம் அடிக்கிறது.

அந்த எழுத்துகளில் 1896-ஆவது 'ஜி' (G). அது 'ஏ' (A) ஆனால், 'டிஜிஜி' (TGG) என்ற சொல் 'டிஏஜி' (TAG) ஆகிவிடும். 'டிஏஜி' என்றால் "இத்தோடு நிறுத்து". இ-ஆன்டிஜென் பாதியிலேயே அறுந்துபோகும். வைரஸின் உள்ளுறைப் புரதத்துக்கோ ஒரு சேதமும் இல்லை. அதன் தொடக்கம் 1901-இல், நிறுத்தக்குறிக்குச் சற்றுத் தள்ளி!

அப்புறம்தான் எனக்குப் பிடித்த இடம். அதே 1896 இன்னொரு வேலையும் பார்க்கிறது. ஆர்.என்.ஏ. அந்த இடத்தில் கொண்டை ஊசி போல மடிந்து, 1858-ஆம் எழுத்தோடு ஜோடி சேரும். நொதி வந்து பிடித்துக்கொள்வது இந்த மடிப்பைத்தான். 1858-இல் 'டி' (T) இருந்தால் (ஆர்.என்.ஏ.வில் அது 'யு') 'ஜி'யோடு தளர்வான ஜோடிதான், 'ஏ' வந்தால் மடிப்பு இன்னும் உறுதியாகும். இந்த வைரஸில் பல மரபு வகைகள் உண்டு; 'ஏ' (A) மரபு வகை வைரஸ்களில் பெரும்பாலும் 1858-இல் 'சி' (C) இருக்கிறது. 'சி'க்கு 'ஜி'தான் சரியான ஜோடி. மாற்றினால் மடிப்பே தளர்ந்துவிடும். அதனால் இந்தப் பிறழ்வு, அங்கே 'டி' (T) எழுத்து இருக்கும் 'டி' (D) மரபு வகையில் சாதாரணம், 'ஏ' மரபு வகையில் அரிது.

ஆகவே இ-ஆன்டிஜென் நெகட்டிவ் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியவை ரத்தத்தில் வைரஸ் டி.என்.ஏ. அளவும், கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் ஏ.எல்.டி. (ALT) நொதியும். இரண்டும் குறைவாகவே நீடித்தால் எதிர்ப்பாற்றல் வைரஸை அடக்கி வைத்திருக்கிறது. டி.என்.ஏ. அதிகமாகவே இருந்தால் பிறழ்ந்த வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். எப்படி இருந்தாலும் கண்காணிப்பைக் கைவிடக் கூடாது.

இதையெல்லாம் உறுதியாக அறிய, ஒரே குழந்தைகளை இருபது முப்பது ஆண்டுகள் பின்தொடர வேண்டும். ஆராய்ச்சி நிதியோ சில ஆண்டுகளில் முடிவு கேட்கிறது. எனக்கு அது அபத்தமாகப் படுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடும் தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு எதுவும் தேவையில்லை.