சமபங்கு அல்ல ஈக்விட்டி

போன மாதம் ஒரு தமிழாக்கம் பிழைதிருத்த வந்தது. ஐரோப்பியப் பள்ளிகள், பல்கலைக்கழகங்கள் பற்றிய அறிக்கை, அறுபது பக்கம். மூன்றாம் பக்கத்திலேயே 'பின்லாந்துக் கல்வியில் சமபங்கு அதிகம்' என்று இருந்தது. அடுத்த பக்கத்தில் 'சமத்துவம் மற்றும் சமபங்கு'. அதற்கடுத்து 'சமபங்கு இடைவெளி'. இதை எத்தனையாவது முறை பார்க்கிறேன் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். மூலத்தைத் திறக்காமலே சொல்லலாம், அங்கே இருப்பது ஈக்விட்டி, அதாவது அவரவர் நிலைக்குத் தக்க நியாயம்.

பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் 'ஏக்வுஸ்' என்றால் மேடுபள்ளம் இல்லாதது. அதில் பிறந்த 'ஏக்விதாஸ்' நியாயத்தைக் குறித்தது. எல்லோருக்கும் ஒரே அளவு என்னும் ஈக்குவாலிட்டியும் அதே வயிற்றுப் பிள்ளைதான், ஆனால் குணம் வேறு. கருத்து இன்னும் பழையது. சட்டம் எல்லோருக்கும் பொதுவாகப் பேசுகிறது, சில வழக்குகளில் அந்தப் பொதுப்பேச்சே அநியாயமாகிவிடுகிறது, அங்கே அதைத் திருத்துவது ஒரு தனி நியாயம் என்றார் அரிஸ்டாட்டில். லெஸ்போஸ் தீவுக் கட்டடக்காரர்களின் ஈய அளவுகோலை உவமை காட்டினார். கல்லின் வளைவுக்குத் தக்கபடி அந்தக் கோலும் வளையும். இங்கிலாந்தில் சான்சரி நீதிமன்றம் இந்த வகை நியாயத்தை ஈக்விட்டி என்ற பெயரில் வழங்கியது. தவணை தவறினாலும் கடனை அடைத்து அடமான நிலத்தை மீட்கலாம் என்ற உரிமை அங்கே உறுதியானது. கடன் போக மிஞ்சும் உடைமைக்கு அந்தப் பெயர் ஒட்டி, பிறகு கம்பெனிப் பங்குக்கும் வந்து சேர்ந்தது. நம் மொழிபெயர்ப்பாளர் பிடித்துக்கொண்டது இந்தக் கடைசிக் கிளையை. 'பங்கு' என்று அகராதியில் பார்த்தார், முன்னால் ஒரு 'சம' சேர்த்தார், பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்.

சமபங்கு மோசமான சொல் என்று நான் சொல்லவில்லை. 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் உரிமை தந்த சட்டத்திருத்தத்தைப் பேச அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. நாலு பிள்ளை என்றால் காணியை நாலாகப் பிரி, எவன் ஏழை, எவள் வசதி என்று கேட்காதே. பங்காளிகள் கேட்பது அதைத்தான். அப்படியானால் சமபங்கு என்பது கறாரான ஈக்குவாலிட்டி. ஈக்விட்டிக்கு அதை வைத்தால் பொருள் மங்குவதோடு நிற்காது, தலைகீழாகிவிடும்.

நெதர்லாந்தைப் பாருங்கள். 1985இல் அங்கே தொடக்கப்பள்ளிகளுக்கு ஆசிரியர்களை ஒதுக்க ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு கணக்கு எடை கொடுத்தார்கள், எடை கூடினால் ஆசிரியரும் கூடும். சாதாரணக் குழந்தைக்கு 1. அதிகம் படிக்காத டச்சுப் பெற்றோரின் குழந்தைக்கு 1.25. படிப்பு குறைந்த, வெளிநாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் குழந்தைக்கு 1.9. ஒரு பிள்ளையை ஏறத்தாழ இரண்டாக எண்ணும் கணக்கில் சமபங்கு எங்கே வந்தது? பிரான்சில் 1981இல் கல்வியமைச்சர் அலன் சவாரி பின்தங்கிய வட்டாரங்களைக் கல்வி முன்னுரிமை மண்டலங்களாக அறிவித்தபோது, இல்லாதவர்க்கு அதிகம் கொடு என்பதே அதன் கொள்கை. 2017இல் அப்படிப்பட்ட பள்ளிகளின் முதல் வகுப்பைச் சுமார் 12 பிள்ளைகளாகக் குறைத்தார்கள். மற்ற பள்ளிகளுக்கு அது கிடைக்கவில்லை. இங்கிலாந்தும் 2011 முதல் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் கணக்கில் பள்ளிக்குக் கூடுதல் பணம் தருகிறது. இவை அனைத்தும் வேண்டுமென்றே செய்த சமமில்லாப் பங்கீடு. அறிக்கையின் தமிழ் வடிவத்தில் இவற்றுக்கெல்லாம் தலைப்பு 'சமபங்கு நடவடிக்கைகள்'.

அந்த நாட்டார் தம் மொழியில் என்ன செய்கிறார்கள் என்று யாராவது எட்டிப் பார்த்திருக்கலாம். ஸ்வீடனில் 'லிக்வேர்டிக்ஹெட்'. சம மதிப்புடைமை என்று பொருள். எல்லாப் பள்ளியும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை, எந்தப் பள்ளியில் படித்தாலும் மதிப்பு குறையக்கூடாது. (1992இல் தனியார் பள்ளிகளுக்கும் அரசுப் பணம் போகத் தொடங்கிய பிறகு இந்தச் சொல்லை வைத்து அங்கே நடக்கும் சண்டை தனிக் கதை.) பின்லாந்தின் 'தஸா-அர்வோ' என்ற சொல்லிலும் சமமும் மதிப்பும் சேர்ந்திருக்கின்றன. பங்கு இரண்டிலும் இல்லை. ஜெர்மனியில் 2001 டிசம்பரில், பல நாட்டுப் பதினைந்து வயதுப் பிள்ளைகளின் திறனை ஒப்பிடும் பிசா தேர்வின் முதல் முடிவு வந்தது. குடும்பப் பின்னணி பிள்ளையின் வாசிப்புத் திறனை மிக அதிகமாகத் தீர்மானிக்கும் நாடுகளில் தங்கள் நாடும் ஒன்று என்று தெரிந்து அதிர்ந்தார்கள். பெரும்பாலும் பத்து வயதிலேயே பிள்ளைகளைப் பிரித்து வெவ்வேறு வகைப் பள்ளிக்கு அனுப்பும் ஊர் அது. பிறகு அங்கே ஓயாமல் அடிபட்ட சொல் 'பில்டுங்ஸ்கெரெஹ்டிக்கைட்'. பிரித்தால் கல்வி, நீதி.

நமக்கும் அதுவே போதும். கல்விநீதி. சமூகநீதி என்ற சொல்லைப் பள்ளிப் பிள்ளைகூட இங்கே புரிந்துகொள்ளும். எல்லோருக்கும் ஒரே அளவு என்பதல்ல, பின்தங்கியவனுக்குக் கை கொடுப்பது என்று விளக்காமலே தெரியும். அதன் தம்பியாக இதைப் பழக்கலாம்.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'ஒப்புரவு' என்றார். அழகான சொல், மறுக்க மனம் வரவில்லை, ஆனாலும் மறுத்தேன். குறளில் ஒப்புரவு செல்வன் செய்வது. அவன் செல்வம் ஊருணி, ஊரார் மொண்டுகொள்வார்கள். வள்ளுவர் அதைக் கடப்பாடு என்றுதான் சொல்கிறார், உண்மை. ஆனால் அது கொடுப்பவனின் கடப்பாடு. பாரிஸின் ஏழைப் புறநகரில் படிக்கும் பிள்ளை யாருடைய தாராளத்தையும் எதிர்பார்த்து நிற்கவில்லை, தனக்குரியதைக் கேட்கிறது. 'நீதி வடசொல்லாயிற்றே' என்றார் நண்பர். 'சம'வும் அப்படித்தான் என்றேன். நீதிக்குத் தமிழில் 'முறை' உண்டு, ஆனால் கல்விமுறை என்றால் வேறு பொருள் வந்துவிடும். இந்த இடத்தில் தூய்மையைவிடத் தெளிவு எனக்குப் பெரிது.

பல்கலைக்கழகப் பகுதிக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. ஸ்காட்லாந்தில் மிகவும் நலிந்த ஐந்தில் ஒரு பங்கு வட்டாரங்களிலிருந்து, 2030க்குள் பல்கலைக்கழகத்தில் சேருவோரில் 20 சதவீதம் வரவேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அதற்காக அந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்த மதிப்பெண்ணிலும் இடம் தருகிறார்கள். 'கல்விநீதிச் சேர்க்கை' என்றால் நம் ஊரில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். 'சமபங்குச் சேர்க்கை' என்றால் பங்குச்சந்தைக்கான டீமேட் கணக்கு வேண்டுமா என்று கேட்பார்கள்.

சிக்கல் சொல்லோடு முடியவில்லை. ஒருவர் எப்போதோ ஒரு சொற்பட்டியல் போடுகிறார், அடுத்தவர் நகலெடுக்கிறார், மென்பொருள் அதைப் படித்து எல்லோருக்கும் பரிமாறுகிறது. ஈக்விட்டி எந்த வாக்கியத்தில் வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வங்கி அறிக்கைக்கும் பள்ளி அறிக்கைக்கும் ஒரே சொல். திருத்தி அனுப்பினேன். 'சொற்பட்டியலில் சமபங்கு என்று இருக்கிறது ஐயா, மாற்ற முடியாது' என்று பதில் வந்தது.

அறுபது பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் மூலத்தில் நிஜமாகவே 'ஈக்குவல் ஷேர்' என்று இருந்தது. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று பணத்தைப் பிரிக்கும் பத்தி. அங்கே மொழிபெயர்ப்பாளர் எழுதியிருந்தது: 'நியாயமான நீதிப் பகிர்வு'.