கூடு கட்டாத பறவையின் முட்டை ஏன் உருண்டு விழுவதில்லை?

வடதுருவத்தை ஒட்டிய நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்குச் சிறு கப்பலில் போய்வந்த வாசகர் ஒருவர், அல்கேஃபியெல்லெட் பாறையின் படத்தை அனுப்பியிருந்தார். ஹின்லோப்பன் நீரிணையை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறையில் சுமார் 60,000 இணை புரூனிக் கில்லிமாட்டுகள் என்னும் கடற்பறவைகள் கோடையில் குடியிருக்கின்றன. கூடு கிடையாது, வெறும் பாறை விளிம்பில் ஒரே ஒரு முட்டை. "அது கடலில் விழாதா?" என்பது அவர் கேள்வி.

விழும், ஆனால் நாம் அஞ்சுமளவுக்கு அல்ல. காரணம் வடிவம். இந்த முட்டை ஒரு முனை பருத்து மறுமுனை கூம்பி, பேரிக்காய்போல இருக்கும். உருண்டால் நேரே ஓடாமல் வட்டமடித்துத் திரும்பிவிடும் என்பதே பழைய விளக்கம். உள்ளீட்டை உறிஞ்சி எடுத்த அருங்காட்சியக ஓடுகள் அப்படித்தான் சின்ன வட்டமாகச் சுற்றுகின்றன. ஆனால் கருவும் கனமும் உள்ள முழு முட்டை போடும் வட்டம் பெரியது. அது முடிவதற்குள் விளிம்பு முடிந்துவிடும்!

பிரிட்டிஷ் பறவையியலாளர் டிம் பர்க்ஹெட்டும் குழுவினரும் வேறு கோணத்தில் பார்த்தார்கள். இதன் நெருங்கிய உறவான சாதாரணக் கில்லிமாட்டின் முட்டைகளைச் சாய்வான பரப்பில் வைத்துச் சோதித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். முட்டையைப் படுக்க வைத்தால், பருத்த பகுதியிலிருந்து கூம்பு முனைவரை பக்கவாட்டு ஏறக்குறைய நேர்கோடாக ஓடுகிறது. கோழிமுட்டையின் வளைந்த பக்கம் தரையைத் தொடுவது ஒரு சிறு புள்ளியில். லேசாகத் தட்டினாலே ஆடும். இதுவோ நீளவாக்கில் பாறையோடு ஒட்டிப் படுக்கிறது. ஆகவே உருளவே தொடங்குவதில்லை. உருண்ட பின் காப்பாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த அழகு. அதே குழு இன்னொரு பயனையும் சொல்கிறது: நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் எச்சம் தெறித்தாலும், அழுக்கு பெரும்பாலும் கூம்பு முனையில்தான் படிகிறது, காற்றறை (ஓட்டுக்குள் காற்று தங்கும் இடம்) உள்ள பருத்த முனை ஓரளவு சுத்தமாக இருக்கிறது.

  

சாய்வைச் சமாளிக்கும் இந்த வடிவம், பீதியைச் சமாளிக்காது. பறவைகள் மிரண்டு ஒரேயடியாகக் கிளம்பினால் கால் பட்டு முட்டைகள் தள்ளப்படும். அதனால்தான் ஸ்வால்பார்டின் பெரிய பறவைப் பாறைகள் அருகே கோடையில் கப்பல்கள் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2025 முதல் விதி இருக்கிறது.