பிசின் ஊறுவதும் மருந்து அவிழ்வதும்

மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் வெயில் தொடங்கினால் ராத்திரியே பாதாம் பிசினை ஊறப்போட்டுவிடுவோம். புளியங்கொட்டை அளவில் ஒரு துண்டு, விடிந்து பார்த்தால் கண்ணாடி போல் தளதளவென்று பூரித்திருக்கும். அழுத்தினாலும் தண்ணீர் லேசில் பிரியாது. பாலிமர் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் ஒன்றோடொன்று முடிச்சிட்டு வலையாகி, நீரைத் தம் கண்களுக்குள் பிடித்துக்கொள்கின்றன. ஹைட்ரோஜெல் என்பது இதுதான்.

பிடிப்பதைவிட விடுவதுதான் எனக்கு வியப்பு. டயப்பருக்குள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் குருணையைத் தண்ணீரில் ஊறவைத்து, அதன்மேல் உப்பைத் தூவிப் பாருங்கள். கெட்டியாக இருந்தது குலைந்து நீர்த்துப்போகும். சங்கிலியிலுள்ள மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளியே வலையை விரித்து வைத்திருந்தன. உப்பின் அயனிகள் நடுவே புகுந்து அந்தத் தள்ளலைத் தணித்துவிடுகின்றன. பிநிபாம் என்ற இன்னொரு பாலிமருக்குச் சூடுதான் சாவி: 32 டிகிரி செல்சியஸ் வரை நீரைக் குடித்திருக்கும், அதைத் தாண்டினால் சுருங்கிக் கக்கிவிடும்.

இதில் அளவு ஏன் முக்கியம்? ஜெல் ஊறவும் சுருங்கவும் ஆகும் நேரம் அதன் அளவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று 1979-இல் ஆய்வாளர்கள் டொயோயிச்சி டனாகாவும் டேவிட் ஃபில்மோரும் காட்டினார்கள். பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் நூறு மடங்கு வேகம். ஒரு சென்டிமீட்டர் ஜெல்லை 100 நானோமீட்டர் துகளாக்கினால் வேகம் ஆயிரம் கோடி மடங்கு கூடும். ஒரு நாள் எடுத்த வேலை கண்ணிமைக்கும் நேரத்தின் மிகச்சிறு பகுதிக்குள் முடிந்துவிடும்.

இந்தத் துகள்களை வரிசை பிசகாமல் அடுக்கினால் மயிலிறகு போலச் சாயமில்லாமலே நிறம் காட்டும். சர்க்கரை பட்டு வீங்கும்படி வலையைப் பின்னினால், இடைவெளி மாறி நிறமும் மாறும். குளுக்கோஸ் உணரிகளுக்கு இது ஒரு வழி.

மருத்துவத்தில் என் மனம் நிற்பது புற்றுநோயில். அத்தை கீமோ எடுத்தபோது மருந்து கட்டியோடு நிற்காமல் முடி, வாய், வயிறு எல்லாவற்றையும் தாக்கியது. அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் கூடும்) இரத்தத்தில் 7.4, பல கட்டிகளைச் சுற்றி அது 7-க்கும் கீழே, சற்றே அமிலமாக இருக்கும். அந்த அமிலத்தில் அவிழும் முடிச்சுகளால் வலை பின்னி உள்ளே மருந்தை வைத்தால், மருந்தின் பெரும்பகுதி அங்கேதான் வெளிவரும். ஆனால் துகள் மிகச் சிறிதானால் சிறுநீரகம் வடித்துவிடும், பெரிதானால் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்த வலை துண்டுதுண்டாகி உடலைவிட்டு வெளியேறவும் வேண்டும். ஆய்வுக்கூடங்கள் இப்போது மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இவற்றோடுதான்.