காசு கட்டினால் இன்டர்நேஷனல் ரேங்க் வராது

போன மாதம் ஒரு சாயங்காலம், தண்டையார்பேட்டையில் பேஸ்கட்பால் பிராக்டிஸ் முடிந்து பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன், ஒரு பையனின் அப்பா வந்து நின்றார். ஹார்பருக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். "சார், பையனுக்கு இன்டர்நேஷனல் ரேங்க் கிடைக்குமாம், பன்னெண்டாயிரம் கட்டிட்டேன், நார்த்துல எங்கயோ டோர்னமென்ட்டாம்" என்று ஒரு லெட்டரை நீட்டினார். இப்படி லெட்டரோடு என்னிடம் வந்த பெற்றோரில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஐந்து பேர் ஆடும் பேஸ்கட்பாலில், சர்வதேச பேஸ்கட்பால் சம்மேளனமான ஃபிபாவின் உலகத் தரவரிசை நாட்டு அணிகளுக்குத்தான், தனி ஆளுக்குக் கிடையாது. அதுவும் ஃபிபாவின் அதிகாரபூர்வப் போட்டிகள் மட்டும்தான் சேரும், நட்பு ஆட்டம்கூடச் சேராது. ஒரு மேட்சுக்கு 1000 புள்ளி, இரண்டு அணியும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும்: 9 பாயிண்டுக்குள் ஜெயித்தால் 600-400, 10 முதல் 19 வரை என்றால் 700-300, 20 அல்லது அதற்கு மேல் போனால் 800-200. அப்புறம் சொந்த ஊரில் ஆடினால் கொஞ்சம் குறைப்பார்கள், வெளியே போய் ஆடினால் கூட்டுவார்கள், எதிரணி எத்தனையாவது இடம், எந்தப் போட்டி, எந்தச் சுற்று எல்லாம் பார்ப்பார்கள். 2024 நவம்பரில் நேரு உள்விளையாட்டு அரங்கில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று நடந்தது, கத்தாரிடம் தோற்ற இந்தியா அடுத்த ஆட்டத்தில் கஜகஸ்தானை ஜெயித்தது. "ஜெயிச்சாச்சே மாஸ்டர், இன்னும் ஏன் இப்படி ஓடுறாங்க" என்று ஒரு பொடியன் கேட்டான். அந்தப் பாயிண்ட் வித்தியாசத்துக்காகத்தான்டா ஓடுகிறார்கள் என்றேன்.

எட்டு வருட ஆட்டங்கள் கணக்கில் இருக்கும், பழசாக ஆக மதிப்பு தேயும். 2023 உலகக் கோப்பையை ஜெர்மனி ஜெயித்தது, அமெரிக்கா நான்காவது, ஆனால் அதற்குப் பிறகு வந்த பட்டியலில் முதலிடம் அமெரிக்காவுக்கு, ஜெர்மனி மூன்றாவது. உலக சாம்பியனுக்கே ஒரே போட்டியில் முதலிடம் கிடைக்கவில்லை, உங்கள் பிள்ளைக்கு மூன்று நாள் டோர்னமென்ட்டில் எப்படிக் கிடைக்கும்?

இந்த லெட்டர் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் எதை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்றால், மூன்று பேர் ஆடும் த்ரீ எக்ஸ் த்ரீயில் தனி ஆள் தரவரிசை நிஜமாகவே இருக்கிறது. ஃபிபா த்ரீ எக்ஸ் த்ரீ தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம், அங்கே பதிவான போட்டியில் ஆடினால் பெயர் ஏறும். லெட்டரில் உள்ள போட்டி அந்தத் தளத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. தளத்தில் இருந்தாலும்கூட அந்த ரேங்க் அரசு வேலைக்கான சான்றிதழ் ஆகாது. மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குக் கேட்பது, இந்தியாவுக்கு ஆடியதற்குத் தேசிய சம்மேளனச் செயலாளர் கையெழுத்திட்ட படிவம் 1, மாநிலத்துக்கு ஆடியதற்கு மாநிலச் சங்கச் செயலாளர் கையெழுத்திட்ட படிவம் 2 மாதிரியானவை. மாவட்ட செலக்ஷன், மாநில அணி, இந்தியா கேம்ப், அதற்கு வழி இதுதான்.

அந்த லாரி ஓட்டும் அண்ணாவை வைத்துக்கொண்டே லெட்டரில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். போட்டி எந்தத் தளத்தில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டதும் வைத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. பணம் இன்னும் வரவில்லை. பையனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் அவர் ரொம்ப நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.