‘விளையாட்டு மகிழுந்து’: யார் விளையாட, யார் மகிழ?

பழைய பிரிட்டிஷ் கார்களைப் பற்றித் தமிழில் எதைத் தேடினாலும் ‘விளையாட்டு மகிழுந்து’ வந்து நிற்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றிப்போட்ட வேலை. தமிழில் விளையாட்டுக் கார் என்றால் மூன்று வயதுப் பிள்ளை தரையில் தள்ளி ஓட்டுவது. விளையாட்டுத் துப்பாக்கி, விளையாட்டுச் சாமான் வரிசையில் அதுவும் ஒன்று. ‘விளையாட்டு மகிழுந்து மோதி ஒருவர் காயம்’ என்று எழுதினால் படிப்பவர் பதறுவாரா, சிரிப்பாரா?

ஆங்கிலச் சொல்லின் கதை சிறியது. பழைய பிரெஞ்சில் ‘டெஸ்போர்ட்’ என்றால் பொழுதுபோக்கு, களிப்பு, மனத்தை வேறு பக்கம் திருப்புவது. அதன் தலை உதிர்ந்து ஆங்கிலத்தில் ‘ஸ்போர்ட்’ ஆனது. பந்தும் மட்டையும் பிற்பாடு சேர்ந்த பொருள். முதல் உலகப் போருக்குப் பிறகு, 1920களில், ‘ஸ்போர்ட்ஸ் கார்’ என்ற பெயர் பிரிட்டனில் பரவியது.

சரி, ‘விளையாட்டு’ வேண்டாம் என்றால் உடனே நீட்டப்படுவது ‘பந்தயக் கார்’. இன்னும் துணிந்தவர்கள் ‘அதிவேகக் கார்’ என்கிறார்கள். இரண்டும் தவறு என்பதற்கு 1958 மே மாதம் மான்டி கார்லோவில் அறிமுகமான ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் ஒன்றே போதும். டொனால்ட் ஹீலியின் குழு வடிவமைத்து, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் தன் ஏபிங்டன் தொழிற்சாலையில் கட்டிய இரண்டு பேர் வண்டி அது. எஞ்சின் 948 சிசி, திறன் 43 குதிரைத்திறன். ஆஸ்டின் ஏ35 என்ற சாதுவான குடும்பக் காரில் இருந்த எஞ்சினையே கொஞ்சம் முறுக்கேற்றி வைத்தார்கள். ஸ்டியரிங் மோரிஸ் மைனர் என்ற இன்னொரு குடும்பக் காரிலிருந்து வந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 20 விநாடிக்கு மேல் ஆகும். உச்ச வேகம் ஏறக்குறைய 83 மைல், அதாவது 133 கிலோமீட்டர். இன்றைக்கு டாக்சியாக ஓடும் சாதாரண செடான் இதை முந்திவிட்டுப் போகும். இதையா அதிவேகக் கார் என்பது?

கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடி கிடையாது. டிக்கிக்கு மூடி கிடையாது. சாமானை இருக்கைக்குப் பின்னால் நுழைந்துதான் எடுக்க வேண்டும். முகப்பு விளக்குகள் மடங்கி உள்ளே போவதாகத்தான் முதலில் திட்டம். செலவு இடித்தது, பானெட் மேலேயே நிரந்தரமாக நிற்க வைத்துவிட்டார்கள். அப்படிக் கிடைத்ததுதான் அந்தச் செல்லப்பெயர்: தவளைக்கண். (அமெரிக்கர்கள் பூச்சிக்கண் என்றார்கள்; எனக்குத் தவளைதான் பிடித்திருக்கிறது.) 1961 வரை கிட்டத்தட்ட 49,000 வண்டிகள் வந்தன. 1959இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் ஸ்பிரைட்டுகள் தம் பிரிவில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது உண்மைதான். ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் வேலைக்கும் கடைக்கும்தான் ஓட்டினார்கள். பந்தயத்தில் ஓடவும் ஓடும் என்பதால் அது பந்தயக் கார் ஆகிவிடாது.

இங்கேதான் ‘மகிழுந்து’ என்ற ஆக்கம் எரிச்சல் மூட்டுகிறது. மகிழ் + உந்து. மகிழ்ச்சிக்காக ஓட்டுவது என்ற பொருள் ஸ்பிரைட்டுக்கும் அதே ரகத்துக் குட்டிக் காரான எம்ஜி மிட்ஜெட்டுக்கும் அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது. நம் ஆட்களோ அதைத் தூக்கி, நெரிசலில் முதல் கியரில் முனகும் எல்லாக் கார்களுக்கும் சூட்டிவிட்டார்கள். அப்புறம் உண்மையான மகிழுந்து வந்து நிற்கும்போது சொல் தீர்ந்துபோய் ‘விளையாட்டு’ என்று ஒட்டுப்போடுகிறார்கள். பொருளைப் பார்த்தால் களிப்பின் மேல் களிப்பு, இரட்டை வெல்லம். பேருந்து நிலைத்ததற்குக் காரணம் அது நல்ல சொல் என்பது: குட்டையானது, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வது. மகிழுந்து பாடநூலைத் தாண்டிப் பெரிதாக நடமாடவில்லை. ‘கார்’ தமிழாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதை விரட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. தனித்தமிழ் அன்பர்கள் கோபித்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை ‘உலாக் கார்’. உலா என்றால் நமக்குத் தெரியும்: போய்ச் சேர வேண்டிய அவசரம் இல்லாமல் நாலு பேர் பார்க்க வருவது. உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் எட்டிப் பார்ப்பார்கள். கூரையை மடித்துவிட்டு வளைவான கிராமச் சாலையில் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? ‘உல்லாசக் கார்’ என்றும் யோசித்தேன். சொகுசுக் காரோடு குழம்பும். தவளைக்கண்ணில் சொகுசு என்று எதுவும் இல்லை. கூரை மூடிய ஸ்போர்ட்ஸ் கார்களும் உண்டே என்பீர்கள். உலா வரும் தேருக்கும் கூரை உண்டு.

வண்டிப் பெயர்களை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். ‘ஸ்பிரைட்’ என்பது குறும்புக்காரத் தேவதையைக் குறிக்கும் சொல். அகராதியின் முதல் வரியைப் பார்த்து ‘ஆஸ்டின் ஹீலி ஆவி’ என்று எழுதினால் ஓட்ட ஆள் வராது, வேப்பிலைதான் வரும். கூரை திறந்த இரண்டு பேர் காரைச் சொல்லும் ‘ரோட்ஸ்டர்’ கூட முதலில் சாலைப் பயணத்துக்கான குதிரையைத்தான் குறித்தது. அதைச் ‘சாலைக்காரன்’ ஆக்கவும் யாராவது கிளம்பியிருப்பார்கள்.