மாநில அமைச்சர் அல்ல, இணை அமைச்சர்

மகாராஷ்டிரத்தில் 2024 டிசம்பர் 15 அன்று நாக்பூரில் 39 அமைச்சர்கள் பதவியேற்றார்கள். அதைத் தமிழில் ‘33 கேபினட் அமைச்சர்கள், 6 மாநில அமைச்சர்கள்’ என்று எழுதினால் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? அந்த 39 பேருமே மாநில அமைச்சர்கள்தான். எங்கே தேர்தல் முடிந்து அமைச்சரவை அமைந்தாலும் இந்தப் பிழையும் கூடவே வந்துவிடுகிறது.

ஆங்கில மூலச்சொல் ‘மினிஸ்டர் ஆஃப் ஸ்டேட்’; கேபினட் அமைச்சருக்கு ஒரு படி கீழே உள்ள பதவி. ஸ்டேட் இங்கே அரசைக் குறிக்கிறது, மாநிலத்தை அல்ல. ‘ஹெட் ஆஃப் ஸ்டேட்’ என்பவரை நாம் மாநிலத் தலைவர் என்று சொல்வதில்லையே! இந்தியில் இந்தப் பதவி ‘ராஜ்ய மந்திரி’. ராஜ்ய சபாவை மாநிலங்களவை என்றது சரி; அது மாநிலங்களின் பிரதிநிதிகள் உட்காரும் அவை. அதே சூட்டில் ராஜ்ய மந்திரியையும் மாநில அமைச்சராக்குவது, சொல்லைப் பார்த்துவிட்டுப் பதவியைப் பார்க்காமல் விடுவது.

தமிழ்நாட்டில் இது உறைக்காததற்குக் காரணம் உண்டு. 2021 மே 7 அன்று இங்கே முதலமைச்சரோடு சேர்த்து 34 பேர் பதவியேற்றார்கள். அதில் இந்த அடுக்கே இல்லை. உத்தரப் பிரதேசத்தில் அப்படியல்ல. 2022 மார்ச் 25 அன்று முதலமைச்சருடன் பதவியேற்ற 52 பேரில் 34 பேர் இந்த அடுக்கைச் சேர்ந்தவர்கள். 34 பேரையும் ‘மாநில அமைச்சர்’ என்று எழுதிவிட்டால் மற்றவர்களை என்னவென்று சொல்வது?

இலங்கைத் தமிழர் ‘இராஜாங்க அமைச்சர்’ என்கிறார்கள். வடசொல்தான், ஆனாலும் பொருள் பிசகவில்லை. அங்கே மாகாண அமைச்சர் வேறு, இராஜாங்க அமைச்சர் வேறு என்று தெளிவாக நிற்கிறது. ஆனால் அந்தப் பதவி எந்தப் படியில் இருக்கிறது என்று அந்தச் சொல் காட்டாது. நம் ‘இணை அமைச்சர்’ அதைக் காட்டுகிறது. இணை என்றால் சமம்தானே, கீழே இருப்பவரை எப்படி இணை என்பது என்று சிலர் மறுக்கிறார்கள். அகராதிப்படி நியாயம். ஆனால் எந்த அரசு அலுவலகத்திலும் இணை இயக்குநர் இயக்குநருக்குச் சமமானவர் இல்லை. ஒரு படியாவது கீழேதான். அந்தப் பொருள் வழக்கில் ஊறிவிட்டது. துணை அமைச்சர் என்று மாற்றலாம் என்றால், அது இதற்கும் கீழே உள்ள இன்னொரு பதவியின் பெயர்.

அப்புறம், ‘இண்டிபெண்டன்ட் சார்ஜ்’ என்பதற்கு ‘சுதந்திரப் பொறுப்பு’ என்று ஒன்று. மேலே கேபினட் அமைச்சர் இல்லாமல் ஒரு துறையைத் தானே கவனிப்பவர் ‘தனிப்பொறுப்பு’ உள்ள இணை அமைச்சர். தனி என்ற இரண்டெழுத்து இருக்கும்போது சுதந்திரத்தை ஏன் இழுக்க வேண்டும்? கேபினட் என்ற சொல்லை மட்டும் நான் தொட மாட்டேன். அமைச்சரவை என்றால் இணை அமைச்சர்களும் அடக்கம். கேபினட் அதற்குள் இருக்கும் சிறு வட்டம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் இன்னொரு குழப்பம்தான் மிஞ்சும்.